‘விண்டோஸ் 10’ என்று சொல்லியும் ‘எந்த விண்டோஸ்?’ என்றே கேட்கிறார்கள் (தராசு கேபிள் டிரைவர்)

கிராணிபேத்தி — செவ்வாய், காலை 11:20

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைக் (பாமாயில் பனை) குலை வாங்கும் ஓர் இடத்தில் எடை கிராணி (எழுத்தர்). சிறுதோட்டக்காரர்கள் கொண்டுவரும் குலைகளை லாரியோடு எடை போட்டு, ரசீது கொடுத்து, பிறகு ஆலைக்கு ஏற்றி அனுப்புவோம். எங்கள் பக்கம் இதை ரேம்ப் என்பார்கள். தாத்தா ரப்பர் காலத்தில் தோட்டத்துக் கிராணி, அதனால்தான் இந்தப் பெயரில் எழுதுகிறேன். கணினி விஷயத்தில் நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் இடிமழையில் எடை அறைக் கணினி போய்விட்டது. அண்ணன் தன் வேலையிடத்தில் கழித்துப் போட்ட ஒன்றை எடுத்துவந்து, விண்டோஸ் போட்டு, பழைய எடைக் கணக்கு நிரலையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு ஜொகூருக்குப் போய்விட்டார். நிரல் திறக்கிறது. ஆனால் எடை வருவதில்லை. எடையைக் காட்டும் பெட்டியிலிருந்து ஒன்பது ஊசி கேபிள் ஒன்று வரும், அதன் நுனியில் யூஎஸ்பியாக மாற்றும் குட்டிக் கேபிள். அதைச் சொருகினால் டிவைஸ் மேனேஜரில் (கணினியில் இணைத்த கருவிகளின் பட்டியல்) மஞ்சள் முக்கோணம்.

தராசு விற்றவர்களுக்கு எழுதினேன்: “விண்டோஸ் 10, கேபிள் டிரைவர் வேலை செய்யவில்லை.” (டிரைவர் என்றால் கேபிளோடு விண்டோஸ் பேச உதவும் சின்ன நிரல்.) ஒரு கோப்பு அனுப்பினார்கள். சொடுக்கினால் ‘இந்த நிரல் உங்கள் கணினியில் ஓடாது’ என்பது போல ஒரு செய்தி. “ஓடவில்லை” என்று பதில் எழுதினேன். “எந்த விண்டோஸ்?” என்றார்கள். “10” என்றேன். “10-இல் எது?” என்றார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்துவிட்டது. “புதியதுதான், அப்டேட் பக்கத்தில் எல்லாம் சரி என்று பச்சைக் குறி காட்டுகிறது” என்று எழுதினேன். ஒரு நாள் கழித்து வேறொரு கோப்பு வந்தது. அதற்கும் அதே செய்தி.

மூன்று நாளாகப் பெட்டியில் தெரியும் எண்ணைப் பார்த்துக் கார்பன் வைத்துக் கையால் எழுதுகிறேன். நேற்று ஒரு பெரியவருக்கு 2,480 கிலோவை 2,840 என்று எழுதிவிட்டேன். நல்ல மனுஷர், பசியாறப் போன கடையில் ரசீதைப் பார்த்துவிட்டு அவரே திரும்பி வந்து சொன்னார்.

என் கேள்வி இதுதான். பத்து என்றால் பத்துதானே? அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும், அதை எங்கே பார்ப்பது? கணினி முழுவதும் மலாயில் இருக்கிறது. எடை அறையில் இணையம் கிடையாது, என் கைப்பேசியிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

வயர்மேன்77 — செவ்வாய், மதியம் 12:05

கேபிள் போயிருக்கும். இடி விழுந்தால் முதலில் போவது அதுதான். இணையத்தில் 25 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைக்கும், புதுசு வாங்குங்கள், வேலை முடிந்தது.

ஈஜோக் ரிப்பேர் — செவ்வாய், மதியம் 2:40

தங்கச்சி, கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது செத்துப்போயிருந்தால் பெரும்பாலும் மஞ்சள் முக்கோணம்கூட வந்திருக்காது. ‘நான் இருக்கிறேன், என்னோடு பேசத்தான் ஆள் இல்லை’ என்று அது சொல்கிறது.

நான் ஈஜோக்கில் சின்னதாக ஒரு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்களிடம் கேட்ட அதே கேள்வியை நானும் தினமும் வாடிக்கையாளரிடம் கேட்டுத் திட்டு வாங்குகிறவன். அதனால் தராசுக்காரர் பக்கமும் கொஞ்சம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10 என்பது குடும்பப் பெயர் மாதிரி. 2015 ஜூலையில் வந்தது முதல் 22எச்2 வரை அந்த ஒரே பெயரில் பதினான்கு பதிப்புகள் வந்தன. முதலில் நான்கு இலக்க எண்கள்: முன்னால் ஆண்டு, பின்னால் மாதம். 1607 என்றால் 2016, ஏழாம் மாதம் (வெளியான நாள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்). 2020-இல் வந்ததற்கு முறைப்படி 2003 என்றுதான் பெயர் வர வேண்டும். விண்டோஸ் சர்வர் 2003 என்று ஏற்கெனவே ஒன்று இருந்ததால் குழப்பம் வேண்டாமென்று 2004 ஆக்கினார்கள். என் கடைக்கு வந்த ஒரு தம்பி அந்த 2004-ஐப் பார்த்துவிட்டு, 2004-ஆம் வருட விண்டோஸ் என்றால் எக்ஸ்பிதானே என்று எங்கிருந்தோ எக்ஸ்பி டிரைவரை இறக்கி, பிரிண்டரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறான். அப்புறம்தான் 20எச்2, 21எச்1 என்று பாதி ஆண்டுக் கணக்கில் பெயர் வைக்கத் தொடங்கினார்கள்.

ஆகவே நம்பக்கூடியது பில்ட் எண்தான் (ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ளே இருக்கும் தனி எண்). விண்டோஸ் சாவியையும் ஆர் சாவியையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் வின்வெர் என்று ஆறு ஆங்கில எழுத்தைத் தட்டி என்டர் போடுங்கள். பதிப்பும் பில்டும் ஒரே வரியில் தெரியும். 17763 என்றால் 1809. 19041 என்றால் அந்த 2004. 19045 என்றால் 22எச்2. புள்ளிக்குப் பிறகு வருவது மாதாமாதம் அப்டேட்டில் ஏறுகிற எண், அதையும் விடாமல் எழுதுங்கள். 22000-உம் அதற்கு மேலும் இருந்தால் அது விண்டோஸ் 11. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 11-க்கு மாறிய கணினியும் உள்ளே தன்னை 10.0 என்றுதான் சொல்லிக்கொள்ளும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) பெயரைத் தேடினாலும் விண்டோஸ் 10 என்றே இருக்கும். உங்கள் ஊர்ப் பலகையில் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா, பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை, அந்த மாதிரி.

அடுத்தது பிட். விண்டோஸும் டிரைவரும் 32-பிட், 64-பிட் என்று இரண்டு வகையாக வரும். உங்கள் விஷயத்தில் வில்லன் இதுதான் என்பது என் சந்தேகம். 64-பிட் விண்டோஸில் 32-பிட் டிரைவர் ஏறாது, 32-பிட் விண்டோஸில் 64-பிட் டிரைவர் ஏறாது. சாதாரண நிரலாக இருந்தால் 32-பிட்டில் எழுதியது 64-இல் ஓடிவிடும், டிரைவருக்கு அந்தச் சலுகை கிடையாது. தெத்தாபான் (அமைப்புகள்), சிஸ்தெம், பெரிஹால் (விவரம்) என்று போங்கள். அங்கே ‘சிஸ்தெம் வகை’ என்று ஒரு வரி இருக்கும். முழு வரியையும் படியுங்கள், பாதியில் நிறுத்தக் கூடாது. ‘எக்ஸ்64 புராசஸர்’ என்று பின்பாதியில் வருவது இயந்திரத்தைப் பற்றியது. முன்பாதிதான் விண்டோஸைப் பற்றியது. 64-பிட் இயந்திரத்தில் 32-பிட் விண்டோஸ் போட்டிருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் பின்பாதியைப் பார்த்து 64 என்று சொல்லி, எதிரில் இருப்பவனை ஒரு வாரம் சுற்றவிடுவார்கள்.

புதிய பதிப்புகளில் அந்தப் பக்கத்திலேயே ‘சாலின்’ (நகல்) என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் அத்தனையும் நகலாகும். அப்படியே அனுப்பும்போது கருவி அடையாள எண், தயாரிப்பு எண் இரண்டையும் அழித்துவிடுங்கள். அது யாருக்கும் தேவையில்லை.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டதா, பழையதன் மேல் ஏற்றியதா? 1607-இலிருந்து மைக்ரோசாஃப்ட் ஒரு விதி வைத்தது: கெர்னலில் (விண்டோஸின் உள்மையத்தில்) ஏறும் புது டிரைவர்கள் அவர்கள் வாசல் வழியாகக் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும். ஆனால் பழைய பதிப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த கணினிகளுக்கும், செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது கையொப்பம் பார்க்கும் காவல்) அணைத்திருக்கும் கணினிகளுக்கும் விலக்கு உண்டு. ஒரு டியூஷன் சென்டரில் இரண்டு மடிக்கணினி, இரண்டுமே விண்டோஸ் 10, ஒரே பதிப்பு, ஒரே பில்ட், ஒரே ஸ்கேனர். ஒன்றில் வேலை செய்தது, மற்றதில் கோட் 52 என்று கையொப்பத் தகராறு. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் முதலாவது விண்டோஸ் 7-இலிருந்து ஏற்றியது, இரண்டாவது புதிதாகப் போட்டது என்று தெரிந்தது.

கடைசியாக அந்த மஞ்சள் முக்கோணத்தை வலது சொடுக்கிப் பண்புகளுக்குப் போங்கள். முதல் தாளில் ‘கோட்’ என்று ஓர் எண் இருக்கும். விவரத் தாளில் ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுத்தால் விஐடி (தயாரிப்பாளர் எண்), பிஐடி (பொருள் எண்) என்று நான்கு நான்கு எழுத்தாக வரும். கேபிள் மேல் ஒட்டிய பெயரைவிட அதுதான் உண்மையான பெயர். எல்லாவற்றையும் இங்கே போடுங்கள். கையால் எழுதினால் போதும், திரையைச் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது.

கிராணிபேத்தி — செவ்வாய், மாலை 5:50

அண்ணே, இப்போதுதான் கடைசி லாரி போனது. சாலின் பொத்தான் இல்லை, அதனால் கையால் எழுதிவந்தேன்.

பதிப்பு: விண்டோஸ் 10 எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி. வெர்ஷன் 1809. பில்ட் 17763, புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் (தாளில் எழுதி வைத்திருக்கிறேன்). சிஸ்தெம் வகை: 32-பிட் இயங்குதளம், எக்ஸ்64 புராசஸர். நான் பின்பாதியை மட்டும் பார்த்திருந்தால் 64 என்றுதான் சொல்லியிருப்பேன். முக்கோணத்தில் கோட் 28. விஐடி 0403, பிஐடி 6001.

அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டேன். பழைய வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டதாம். “வேண்டுமென்றேதான் 32 போட்டேன், 64 போட்டால் உன் எடை நிரல் திறக்கவே திறக்காது” என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் இல்லையா!

ஒன்று மட்டும் புரியவில்லை. 1809 என்றால் 2018 கணக்கு. பிறகு ஏன் அப்டேட் பக்கத்தில் எல்லாம் சரி என்று பச்சைக் குறி?

கூலாய்காரன் — செவ்வாய், இரவு 8:15

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. இன்னும் அதில் டிரைவர் தேடிக்கொண்டிருப்பது நேர விரயம். 11-க்கு மாறுங்கள், கேபிளைச் சொருகினால் தானாக எடுத்துக்கொள்ளும்.

ஈஜோக் ரிப்பேர் — செவ்வாய், இரவு 9:30

கூலாய் அண்ணே, நீங்கள் சொன்ன தேதி சரி. ஆனால் அது பொதுவான 22எச்2-க்கு. தங்கச்சி வைத்திருக்கும் 1809 எல்டிஎஸ்சிக்கு எல்டிஎஸ்சி 2019 என்று பெயர். அதற்குப் பாதுகாப்பு அப்டேட் 9 ஜனவரி 2029 வரை உண்டு. இதற்குத்தான் ‘விண்டோஸ் 10’ என்று மொட்டையாகச் சொல்லக்கூடாது என்கிறேன், நல்லது சொல்ல வருகிறவர்களுக்கும் தவறிப்போகிறது. தவிர 11-இல் 32-பிட்டே கிடையாது.

தங்கச்சி, உங்கள் பச்சைக் குறிக்கும் அதுதான் காரணம். எல்டிஎஸ்சி என்பது ஏடிஎம், மருத்துவக் கருவி மாதிரி, ‘வேலை செய்வதை மாற்றாதே’ என்கிற இடங்களுக்கான வகை. பதிப்பு அப்படியே நிற்கும், ஓட்டைகளை மட்டும் அடைப்பார்கள். அண்ணன் கடைசியாக ஏற்றிய அளவில் அது தன் கணக்கில் சரியாக இருக்கிறது. நீங்கள் “புதியது” என்று எழுதியதைப் படித்தவர் 22எச்2, 64-பிட் என்று நினைத்துக்கொண்டு கோப்பு அனுப்பியிருப்பார். நீங்களும் பொய் சொல்லவில்லை, அவரும் தப்பாக நினைக்கவில்லை.

உங்கள் அண்ணன் சொன்னதும் சரி. அந்த நிரல் டாஸ் காலத்து 16-பிட் சரக்காக இருக்கும். 32-பிட் விண்டோஸில் அதை ஓட்ட என்டிவிடிஎம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. 64-பிட்டில் அது இல்லை. ஆகவே யார் சொன்னாலும் 64-க்கு மாற்றிவிடாதீர்கள், கணக்குப் புத்தகமே பூட்டிக்கொள்ளும்.

கோட் 28 என்றால் டிரைவர் இல்லை, அவ்வளவுதான். 0403 எஃப்டிடிஐ சில்லு, 6001 அதில் எஃப்டி232 வகை. நல்ல சில்லு, 32-பிட் டிரைவரும் இருக்கிறது. இணையம் இருந்திருந்தால் விண்டோஸ் தானே இறக்கியிருக்கும். நீங்கள் இங்கே எழுதிய அந்த நான்கைந்து வரியையே தராசுக்காரருக்கு அனுப்புங்கள். பழைய கணினியில் என்ன விண்டோஸில் ஓடியது என்பதையும் சேருங்கள்.

தாப்பா பெங்குயின் — செவ்வாய், இரவு 11:10

லினக்ஸ்காரன் ஒருவன் குறுக்கே வருகிறேன், அடிக்காதீர்கள். எங்கள் பக்கமும் இதே கதைதான். ‘உபுண்டு 22.04’ என்று சொன்னால் போதும் என்று நினைப்போம். ஆனால் டிரைவர் இருப்பது கெர்னலில். ஒரே 22.04-இல் ஒருவரிடம் 5.15 இருக்கும், இன்னொருவரிடம் 6.8 இருக்கும். ‘யூநேம் மைனஸ் ஆர்’ கட்டளை தரும் வரியையும் ஒட்டினால்தான் பதில் சொல்ல முடியும்.

ஹார்டுவேர் ஐடி பற்றி ஈஜோக் அண்ணன் சொன்னதற்கு ஒரு வேடிக்கை. சிஎச்340 என்று மலிவான இன்னொரு மாற்றுக் கேபிள் உண்டு, அதன் எண் 1ஏ86, 7523. பார்வையற்றோருக்கான ஒரு பிரெய்ல் கருவிக்கும் அதே எண். 22.04-இல் இந்தக் கேபிளைச் சொருகினால் பிரெய்ல் சேவை ‘என் ஆள் வந்துவிட்டார்’ என்று பிடித்துக்கொண்டு போய்விடும், சீரியல் போர்ட் வந்த வேகத்தில் மறையும். பிஆர்எல்டிடிஒய் பொதியை நீக்கினால் சரியாகும் (பிரெய்ல் கருவி பயன்படுத்துகிறவர்கள் நீக்க வேண்டாம்). உண்மையான பெயரிலும் இப்படி இரட்டையர் இருக்கிறார்கள்.

கிராணிபேத்தி — வியாழன், காலை 10:05

அண்ணே, எடை வந்துவிட்டது!

நேற்றுக் காலை அனுப்பியது இது, மலாயில் எழுதினேன், இங்கே தமிழில் போடுகிறேன்:

“விண்டோஸ் 10 எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி, வெர்ஷன் 1809, பில்ட் 17763 (முழு எண்ணும் எழுதினேன்), 32-பிட். புதிதாகப் போட்டது. மாற்றுக் கேபிள் விஐடி 0403, பிஐடி 6001, கோட் 28. இதே கேபிள், இதே தராசு, போன வாரம் வரை விண்டோஸ் 7 32-பிட்டில் ஓடியது. நீங்கள் அனுப்பிய இரண்டு கோப்பையும் திறந்தால் ‘இந்த நிரல் உங்கள் கணினியில் ஓடாது’ என்று வருகிறது. எடை நிரல் பழையது, 64-பிட்டுக்கு மாற முடியாது.”

ஒன்றரை மணி நேரத்தில் பதில். இந்த முறை “எந்த விண்டோஸ்?” இல்லை. முன்பு அனுப்பிய இரண்டுமே 64-பிட் கோப்புகளாம், 32-பிட் கோப்புறையைச் சுருக்கி அனுப்பியிருந்தார்கள். கைப்பேசியில் இறக்கி, கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றினேன்.

பின்னால் தேடி வருகிறவர்களுக்காக இரண்டு விஷயம். டிரைவரை இரண்டு முறை கொடுக்க வேண்டியிருந்தது. முதல் முறை ‘யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர்’ என்று சரியானது, உடனே ‘யூஎஸ்பி சீரியல் போர்ட்’ என்று புதிதாக இன்னொரு மஞ்சள் முக்கோணம் முளைத்தது. நான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து கேபிளைப் பிடுங்கிவிட்டேன். கெடுக்கவில்லை, அதற்கும் அதே கோப்புறையைக் காட்ட வேண்டும்.

அப்புறமும் எடை வரவில்லை. போர்ட்டுக்குக் காம்7 என்று எண் வந்திருந்தது, எங்கள் நிரலின் பட்டியலிலோ காம்1 முதல் காம்4 வரைதான். தராசுக்காரரைக் கூப்பிட்டேன். போர்ட் பண்புகளில் அட்வான்ஸ்டு என்ற பொத்தானுக்குள் போய்க் காம்3-க்கு மாற்றச் சொன்னார். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டேன். இன்று காலை 8:40-க்கு முதல் லாரி ஏறியதும் திரையில் எண் ஓடி நின்றது. டிரைவர் அண்ணன் (லாரி டிரைவர்!) “என்ன இன்றைக்கு இவ்வளவு சீக்கிரம்?” என்றார்.

அந்த விவரங்களைக் கணினிப் பெட்டி மேலேயே ஒட்டுத்தாளில் எழுதிவைத்து, மேலே ஒட்டுநாடாவும் ஒட்டிவிட்டேன். கையால் எழுதிய நாட்களின் ரசீதுகளை, அந்த 2,840 உட்பட, பழைய தேதியில் நிரலில் ஏற்ற வேண்டும். அது தேதியைப் பின்னால் போட விடமாட்டேன் என்கிறது. அதைத் தனிக் கேள்வியாகப் போடுகிறேன்.

ஈஜோக் ரிப்பேர் — வியாழன், காலை 10:30

நல்லது தங்கச்சி. போடும்போது நிரலின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். திறக்கும்போது முதல் திரையில் மூலையில் இருக்கும்.